எட்டைத் தொடாத திருடன்

அத்தியாயம் 8

மூன்றரை மணிக்கு ஷேர் மார்க்கெட் மூடும். மூடிய கையோடு போலீசுக்கு போன் செய்வேன் என்று மஞ்சுநாத் சொல்லியிருந்தார். கன்னிங்ஹாம் ரோட்டில் இருந்த அவருடைய ஷேர் புரோக்கர் ஆபீசுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. எண்பது நிமிஷத்துக்குள், அங்கே வேலை பார்க்கும் பாஞ்சாலி திருடி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் மேடத்தின் மூளையும் என் வாயும்தான். இரண்டாவது எப்போதுமே ஓவர்டைம் பார்க்கும்.

மேடம் என்றால் வேதநாயகி. முப்பது வருஷம் டெலிபோன் இலாகாவில் திருட்டு லைன் பிடித்தவர். ரிட்டயர் ஆனதும் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் நோயல், அவருடைய ஒரே அசிஸ்டென்ட். அதற்கு முன்னால் ஸ்ரீராம்புரத்தில் சர்ச் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். பாஞ்சாலி அங்கே என் மாணவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நேற்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்கு போன் செய்து, "தம்பி, என்னை மாட்டிவிட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தக் குரல் என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

கான்ஃபரன்ஸ் அறையில் பாஞ்சாலி தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் சாப்பாட்டுப் பை, திறக்காமலே. மேடம் கேள்வி கேட்கும் முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் தம்பி வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஏதோ சாமான் காணாமல் போனதாம். அவர்கள் சந்துக்குள் ஜீப் வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு போனதாம். இரண்டு நாளில் சாமான் கிடைத்துவிட்டது, தம்பியை விட்டுவிட்டார்கள். ஆனால் ஜீப் வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அவன் திரும்பி வந்ததை நம்பவில்லை. தண்ணீர்க் குழாயடியில்கூடக் குடத்தை நகர்த்தி வைத்தார்களாம். பத்தாம் நாள் அவன் ரயில் பாதைப் பக்கம் போய்விட்டான்.

"எனக்கு வேலை போனா போகுதும்மா. வீட்ல மகா இருக்கா, பதினாலு வயசு. எங்க சந்துக்கு இன்னொரு தடவ ஜீப்பு வரக்கூடாது. வந்துச்சுன்னா நானும் அவன் போன வழிதான்."

அழாமல் சொன்னார்.

மஞ்சுநாத் ஐம்பது வயதுக்காரர், மைசூர்ப் பக்கம். சிட்டி மார்க்கெட்டில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வரும், இடையிடையே கன்னடம் எட்டிப் பார்க்கும். விவகாரத்தை அவரே சொன்னார். வாடிக்கையாளர்கள் எத்தனை ஷேர் வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். பாஞ்சாலியும் சரளா என்ற இன்னொரு பெண்ணும் அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். ஆபீசின் சொந்தப் புரோகிராம் அதைப் படித்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும். மூன்று வாரமாகச் சில ஆர்டர்கள் குறைந்து போயிருக்கின்றன. பாதி ஆர்டர் நிறைவேறுவது மார்க்கெட்டில் சகஜம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. போன வாரம் ராஜேந்திரன் என்ற பெரியவர் ஐந்நூறு ஷேரை விற்கச் சொல்லி, முந்நூற்று இருபதுதான் விற்றிருக்கிறது. மறுநாள் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. அவர் வந்து கத்தியதும்தான் சீட்டுகளைத் தேடி எடுத்தார்கள்.

நாற்பத்தொரு ஆர்டர் தப்பு. நாற்பத்தொன்றும் பாஞ்சாலி அடித்தவை. சரளா அடித்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"வெளியில யாருக்கோ சாதகமா வேணும்னே கொறச்சு அடிக்கறாங்க மேடம்," என்றார் மஞ்சுநாத். "நம்ம அருண்குமார் கண்டுபிடிச்சான். அவன்தான் புரோகிராம் எழுதினவன். புரோகிராம் சரியா இதெ, அடிக்கற கைதான் சரியில்லைன்னு சொல்றான்."

அருண்குமார் சேலத்துப் பையன், இருபத்தாறு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என்னிடம் கை குலுக்கினான். கை ஈரமாக இருந்தது. ஏ.சி. அறையில் ஏன் இப்படி வேர்க்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மேடம் பட்டியலை வாங்கி மேஜையில் பரப்பினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஐந்நூறு கேட்டால் முந்நூற்று இருபது. நூற்றைம்பது கேட்டால் நூற்று நாலு. எழுபத்தைந்து கேட்டால் அறுபத்தொன்று. நூறு கேட்டால் ஒவ்வொரு தடவையும் அறுபத்து நாலு.

"ஆய கலைகள் மாதிரி இருக்கு மேடம்," என்றேன்.

"வாயை மூடிட்டுப் பாரு. ஆயிரத்துக்கு மேல ஒண்ணாவது தப்பாயிருக்கா?"

ஒன்றுகூட இல்லை. ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் ஆர்டர்கள் எல்லாம் பாஞ்சாலி கையாலேயே பத்திரமாகப் போயிருந்தன. சுறாவை விட்டுவிட்டு அயிரை மீன் பிடிக்கிற திருடனை நான் பார்த்ததில்லை. மேடம் சிவப்புப் பேனாவால் பட்டியலில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசிக்கு வந்ததும் பேனாவை மூடினார். வாடிக்கையாளர் கேட்ட நாற்பத்தொரு எண்களில் எதிலும் எட்டு என்ற இலக்கமே இல்லை என்றார். எண்பது, நூற்றெண்பது, எண்ணூறு எதுவும் திருடு போகவில்லை. இந்தத் திருடன் எட்டைத் தொடமாட்டான்.

துப்புக் கிடைத்த சந்தோஷத்தில் இதை எல்லோர் எதிரிலும் சொல்லித் தொலைத்தோம். சொன்ன வாய் மூடுவதற்குள் அருண்குமார் முந்திக்கொண்டான். பாஞ்சாலியக்காவுக்கு எட்டு என்றாலே ஆகாது, உட்கார எட்டாம் நம்பர் மேஜையைக் கொடுத்தபோது வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார், ரிஜிஸ்டரில்கூட இருக்கிறது என்றான். மஞ்சுநாத் பாஞ்சாலியைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது எட்டாம் தேதி, அதனால்தான் என்றார் மெல்ல.

"ஆய்த்தல்லா மேடம், முடிஞ்சுதா? நீங்களே நிரூபிச்சுட்டீங்க."

நல்ல காரியம் செய்தோம். கயிறு ஏற்கெனவே கழுத்தில் இருந்தது, நாங்கள் வந்து முடிச்சை இறுக்கிவிட்டோம். மணி இரண்டு ஐம்பது. மேடம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணியதில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். எனக்கோ வாய் உளறாமல் இருக்காது. பயம் வந்தால் இன்னும் அதிகமாக உளறும்.

"எட்டு சனி, சரி. ஒன்பதுக்கு என்ன கேடு மேடம்? பட்டியல்ல ஒன்பதும்தான் இல்ல. தொண்ணூறு இல்ல, நூத்தித் தொண்ணூறு இல்ல. ஒன்பதைப் பார்த்துப் பயப்படற ஆளு உலகத்துல உண்டா? இந்தத் திருடன் ஒண்ணாங்கிளாஸ் ஃபெயில். ஏழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஏழுக்கு அப்புறம் நேரா பத்துன்னு..."

நிறுத்திவிட்டேன். ஏழுக்கு அடுத்து பத்து. இதே வாக்கியத்தை நான் ஸ்ரீராம்புரத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர்க்காரர்களிடம் எட்டெட்டாக எண்ணும் கணக்கு ஒன்று உண்டு. அதில் எட்டும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. அந்தக் கணக்கில் நூறு என்று எழுதினால், எட்டெட்டு அறுபத்து நாலு.

"ஒரு நம்பருக்கு முன்னாடி பூஜ்யம் இருந்தா சில மொழிகள் அதை எட்டுக் கணக்குன்னு எடுத்துக்கும் மேடம். இவங்க புரோகிராம் எந்த மொழியில இருக்கு?"

வராந்தா அலமாரியில் அருண்குமாரின் ரிப்போர்ட் ஒன்று ஸ்பைரல் பைண்டிங்கில் நின்றது. ஷேர் ஆர்டர் அனுப்ப எந்த ஸ்கிரிப்ட் மொழி உசத்தி என்று மூன்றை ஓடவிட்டு ஒப்பிட்டிருந்தான். பெர்ல், டிக்கிள், பைத்தான். தனக்கு விளக்கச் சொன்னார் மேடம்.

"தமிழ்ல முத்து, கிச்சுக்கிச்சு, மலைப்பாம்பு மேடம். முதல்ல இங்க முத்து இருந்துச்சு. ஸ்கிரீன் சீக்கிரமா கட்டலாம், வேகமா வேலை முடியும்னு கிச்சுக்கிச்சுக்கு அதிக மார்க் போட்டிருக்கான். ஜூலை பதினஞ்சு திங்கக்கிழமை மாத்தியிருக்காங்க."

முதல் தப்பு ஆர்டரின் தேதியும் ஜூலை பதினைந்துதான். அடிக்கிற எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நின்றால் முத்தும் மலைப்பாம்பும் அதை ஒதுக்கிவிட்டு நூறை நூறாகவே படித்துக்கொள்ளும். டிக்கிள் மட்டும் அந்தப் பூஜ்யத்தை மதித்து எட்டுக் கணக்குக்குத் தாவிவிடும். ஆனால் பூஜ்யத்தை முன்னால் போட்டு அடிக்கிற பைத்தியக்காரர் யார்?

எனக்குத் தெரியும். என் வகுப்பில் அவருக்கு நான் வைத்த பெயரே 'பூஜ்யம் அக்கா'.

உள்ளே ஓடிப்போய்க் கேட்டோம். பாஞ்சாலி இதில் என்ன அதிசயம் என்பதுபோலப் பார்த்தார். திரையில் எண்ணுக்கு நாலு கட்டம் இருக்கிறது, நூறு என்றால் ஒரு கட்டம் காலியாக நிற்கும், அதில் பூஜ்யம் போடுவேன் என்றார். அவர் அப்பா கார்ப்பரேஷனில் தெரு கூட்டியவர். மூன்று நாள் லீவு என்று எழுதிய தாளில் கைநாட்டு வைத்தார். மேஸ்திரி காலிக் கட்டத்தில் ஒன்றைப் போட்டுப் பதின்மூன்று நாள் ஆக்கிவிட்டான். அந்த மாசம் வீட்டில் உலை வைத்த நாளை எண்ணிவிடலாமாம்.

"அதுலேர்ந்து எங்க வீட்ல யாரும் கட்டத்தைக் காலியா விடமாட்டோம்மா. முன்னால காலியா இருந்தா எவனாச்சும் எதையாச்சும் போட்டுடுவான்."

ஆயிரத்துக்கு மேல் நாலு கட்டமும் நிறைந்துவிடும், பூஜ்யத்துக்கு இடம் இல்லை. அதனால் பெரிய மீன்கள் தப்பின. சரளாவுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவர் ஆர்டரும் தப்பியது. திருட்டுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர் மேலேயே திருட்டுப் பட்டம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். மஞ்சுநாத் தன் அறையிலிருந்து ஓடிவந்தார்.

மணி மூன்று ஐந்து. எல்லோரும் பாஞ்சாலியின் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். ஆர்டர் வெளியே போகாதபடி அருண்குமார் லைனைக் கழற்றினான். நான் வாத்தியார் தோரணையில் விளக்கிவிட்டு 0100 என்று அடித்தேன். இப்போது பாருங்கள், அறுபத்து நாலு வரும் என்றேன்.

திரையில் 100 வந்தது.

மறுபடி அடித்தேன். 100. ஐந்நூறை அடித்தேன், ஐந்நூறாகவே வந்து நின்று என்னைப் பார்த்தது. கடைசியாக 0080 என்று அடித்தேன். எட்டுக் கணக்கில் எட்டே கிடையாது, டிக்கிளாக இருந்தால் இதைத் துப்பியிருக்க வேண்டும். சமர்த்தாக எண்பது என்று வாங்கிக்கொண்டது. புரோகிராம் ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைக் காட்டச் சொன்னார் மேடம். ஜூலை பன்னிரண்டு. அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை என்று கம்ப்யூட்டரே சாட்சி சொன்னது.

"சாரி நோயல்," என்றான் அருண்குமார், அனுதாபமாக. "தியரி நல்லாத்தான் இருந்துச்சுங்க."

மஞ்சுநாத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக அவர் ரிசீவரை எடுப்பது தெரிந்தது. மூன்றரை வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. பாஞ்சாலி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கிளம்பிவிடுகிறவர் மாதிரி. எங்கே கிளம்புகிறார் என்று எனக்குத் தெரியும். வாசல் பக்கம் போய் வழியை மறித்து நின்றேன். வேறென்ன செய்ய? அவருக்கு 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அக்கா, தைரியமா அடிங்க' என்று சொல்லிக் கொடுத்த அயோக்கியன் நான்தானே.

மேடம் மட்டும் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"பாஞ்சாலி, நேத்து வரைக்கும் எண்பதுன்னு அடிச்சா இது வாங்கிக்குமா?"

"எங்கேம்மா வாங்கும்? எட்டு வந்தாலும் ஒம்போது வந்தாலும் திருப்பித் துப்பும். சீட்டும் அடிச்சுக் குடுக்கும். நானும் எத்தினி தடவ சொல்லிட்டேன்."

"அந்தச் சீட்டு?"

பாஞ்சாலி பைக்குள் கை விட்டு, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தார். எதையும் தூக்கிப் போடாத குடும்பம். முப்பத்தோரு சீட்டு. 0080, 0090, 0180, 0800. ஒவ்வொன்றிலும் இது எண் அல்ல என்று இங்கிலீஷில் பிரிண்டர் அடித்த வரி, பக்கத்தில் தேதி, நேரம். கடைசிச் சீட்டு நேற்று மதியம் இரண்டு மணி. ஜூலை பத்தொன்பதாம் தேதிச் சீட்டின் ஓரத்தில் நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'எட்டு, ஒன்பது வந்தால் எக்ஸ்சேஞ்ச் டெர்மினலில் கையால் அடித்துக்கொள்ளவும்.' கீழே அருண்குமாரின் இனிஷியல்.

மேடம் அதைத் தட்டினார். குரல் உயரவே இல்லை.

"நேத்து ரெண்டு மணிக்கு எண்பதைத் துப்பின மெஷின் இன்னிக்கு முழுங்குது. ஃபைலை யாரும் தொடலைன்னு தேதி சொல்லுது. அப்போ தேதியை யாரோ பின்னால தள்ளி வெச்சிருக்காங்க. நோயே இல்லைன்னு சொன்னவன் எதுக்குப்பா ராவோட ராவா மருந்து கொடுத்தே?"

அருண்குமார் சுவரைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான். ஒப்பிட்டுப் பார்த்தபோது பரீட்சை எண்களை எல்லாம் தானே அடித்ததாகவும், முன்னால் பூஜ்யம் போடவே தோன்றவில்லை என்றும் சொன்னான். பத்தொன்பதாம் தேதிச் சீட்டைப் பார்த்த அன்றே அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் மஞ்சுநாத் அவனை மேனேஜர் ஆக்கியிருந்தார். வெளியே சொன்னால் மொழியும் போகும், நாற்காலியும் போகும். தள்ளிப் போட்டான். ராஜேந்திரன் வந்து கத்தியதும் பயந்து பாஞ்சாலியைக் கை காட்டிவிட்டான். துப்பறிகிறவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் இன்று விடியற்காலையில் வந்து திருத்தினான்.

"அக்காவுக்கு வேலைதான போகும்னு நெனச்சேங்க. போலீஸ் வரைக்கும் போகும்னு நெனைக்கல."

அடித்திருப்பேன். மேடம் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

மஞ்சுநாத் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நாங்கள் நாலு பேரும் அவரையே பார்த்தோம். மேடம் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் சீட்டுக்கட்டை வாங்கிப் புரட்டினார். திரும்பி ஓடிப்போய் மறுபடி டயல் செய்தார். கன்னடத்தில் கெஞ்சுவது கேட்டது. வெளியே வந்தவர் பாஞ்சாலியின் முகத்தைப் பார்க்காமல் மேடத்திடம்தான் பேசினார்.

"உங்ககிட்ட மூணரைன்னேன், ஆனா ஸ்டேஷன்ல ஒரு மணிக்கே ஒரு தடவ சொல்லிட்டேன் மேடம். கொஞ்சம் முன்னால மறுபடி போன் பண்ணி, சீக்கிரம் போங்கன்னேன். வீட்டைச் சோதனை போட ஜீப் கிளம்பி ஹத்து, பத்து நிமிஷமாச்சாம். வயர்லெஸ்ல கிடைக்கலையாம்."

மகா, மகா என்று பாஞ்சாலியின் உதடு மட்டும் அசைந்தது.

மஞ்சுநாத்தின் காரில்தான் போனோம். மார்க்கெட் நடக்கும்போது அவர் ஆபீசை விட்டு வெளியே போனது பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சரளா சொன்னார். சேஷாத்ரிபுரத்தில் சிக்னல் விழுந்தது. அவர் நிற்கவில்லை. பின் சீட்டில் பாஞ்சாலியின் இரண்டு கையையும் மேடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க நான் ஒரு ஜோக்கூடச் சொல்லவில்லை.

சந்து முனையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஊரே வாசலில். பக்கத்து வீட்டு முத்தம்மா மகாவைத் தன் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து இரண்டு கான்ஸ்டபிள்களை மறித்துக்கொண்டிருந்தார். பெற்றவள் வராமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று அவர் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. மஞ்சுநாத் கண்ணாடியை இறக்கி சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

பாஞ்சாலி அவர் தோளைத் தொட்டார். இத்தனை வருஷத்தில் முதலாளியை அவர் தொட்டிருக்கமாட்டார்.

"கார்லேர்ந்து பேசாதீங்க சார். எறங்கி நடந்து வாங்க. ஜீப்பு வந்ததை எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்க வந்ததையும் பாக்கணும்."

மஞ்சுநாத் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கினார். சாக்கடையைத் தாண்டி, துணி காயும் கயிறுகளுக்குக் குனிந்து, பாஞ்சாலிக்குப் பின்னால் சந்தின் பாதி வரை நடந்தார். பாஞ்சாலி தன் வீட்டு வாசலில் நின்றதும் அவரும் நின்றார். முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில், குழாயடிவரை கேட்கும்படி சொன்னார்.

"தப்பு நம்தே. இந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க ஆபீசோடது."

முத்தம்மா கதவைத் திறந்தார். மகா ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் மூக்கைத் துடைத்தேன், மறைப்பானேன்.

எழுத்தில் வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்துப் புகாரை வாபஸ் வாங்குவதாக மஞ்சுநாத் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்: 7-8-2002. நீட்டியபோது பாஞ்சாலி குறுக்கே கை வைத்து அதை வாங்கினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

"தம்பி, பேனா."

கொடுத்தேன். காலி இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். தேதிக்கு வந்தார். ஏழுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு எட்டின் முன்னால் பேனா கொஞ்சம் நின்றது. மகாவின் தலைமேல் இடது கையை வைத்துக்கொண்டு அங்கேயும் ஒரு பூஜ்யம் போட்டுக் காகிதத்தை சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார்.

"காலியா விடக்கூடாது சார்," என்றார்.